சொல் விளக்கம்: ரோமியோஸ்

1912-இல், முதல் பால்கன் போரின்போது, அதுவரை ஒட்டோமான் ஆட்சியில் இருந்த லெம்னோஸ் தீவில் கிரேக்கப் படை வந்திறங்கியது. 'எல்லினெஸ்', அதாவது கிரேக்கர்கள், எப்படித்தான் இருப்பார்கள் என்று பார்க்கச் சிறுவர்கள் ஓடினார்கள். "ஏன், நீங்களும் எல்லினெஸ் இல்லையா?" என்று கேட்டாராம் ஒரு சிப்பாய். "இல்லையே, நாங்கள் ரோமர்கள்." அந்தத் தீவில் பிறந்த வரலாற்றாசிரியர் பீட்டர் சரானிஸ் சொன்ன கதை இது. சிறுவர்கள் பேசியது என்னவோ கிரேக்கம்தான்.

சிறுவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட கிரேக்கச் சொல்தான் ரோமியோஸ். ரோமியோஸ் என்றால் ரோமன். கி.பி. 212-இல் காரகல்லா பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ரோமக் குடியுரிமை தந்தார்; கிரேக்கம் பேசியவர்களும் அதில் அடக்கம். அப்புறம் மேற்கே ரோம் வீழ்ந்தும், கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆண்டவர்கள் 1453 வரை தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். 'பைசாந்தியர்' என்பது பின்னால் வந்தவர்கள் ஒட்டிய பெயர். 'எல்லின்' என்பதோ, கிறித்தவம் பரவியபின், பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவன் என்ற வசையாகிப்போனது.

ஒட்டோமான் ஆட்சியில் 'ரூம் மில்லெத்' (ரோமச் சமயச் சமூகம்) என்றால் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள். பல்கேரியம், செர்பியம், அல்பேனியம் பேசியவர்களும் அதற்குள்தான். 1821-இல் விடுதலைப் போர் தொடங்க, புதிதாய்ப் பிறந்த கிரேக்க நாடு பழம்பெருமையை நினைத்து 'எல்லாஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது. பெயர் பழைய ஏதென்ஸினுடையது, ஆசைப்பட்ட வரைபடமோ ரூமினுடையது: 1844-இல் கிரேக்க அரசியல்வாதி கொலெத்திஸ் முன்வைத்த 'மெகாலி இதேயா' (பெரும் எண்ணம்) கான்ஸ்டான்டிநோபிளையும் சேர்த்தே கேட்டது. பல்கேரியர் சும்மா இருப்பார்களா? 1870-இல் சுல்தானின் ஆணையோடு தனித் திருச்சபை பெற்றார்கள். மாசிதோனியாவில், எந்தத் திருச்சபைக்குப் போகிறாய் என்பதை வைத்தே நீ கிரேக்கனா பல்கேரியனா என்று சண்டை போட்டார்கள். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே நடந்த 1923 மக்கள் பரிமாற்றத்திலும் அளவுகோல் மதம்தான். துருக்கி பேசிய கரமான்லி கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் பேசிய கிரீட் முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ரோமர்' என்றால் இத்தாலி நினைவுக்கு வரும். 'ருமேனியர்' வேறு நாட்டவர். 'யவனர்' நம் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது, கை அதற்குத்தான் போகும். ஆனால் அது பண்டைக் கிரேக்கரில் ஒரு பிரிவினரான 'அயோனியர்' வழி வந்தது. யுனானி மருத்துவத்தின் பெயரும், துருக்கியின் 'யூனான்' என்ற சொல்லும் அதே வேர். துருக்கியில் இன்றும் ஏதென்ஸ்காரர் யூனான், இஸ்தான்புல் கிரேக்கர் ரூம். ஆகவே யவனர் இங்கே பொருந்தாது. 'ரூமியர்' என்பதே என் தேர்வு. குர்ஆனின் 30-ஆம் அத்தியாயமான 'அர்ரூம்' குறிப்பது இவர்களைத்தான்; கவிஞர் ஜலாலுத்தீன் ரூமிக்குப் பெயர் தந்ததும் இவர்கள் முன்பு ஆண்ட அனத்தோலியாதான்.