ரேடார் எல்லாத்தையும் பார்த்துட்டே இருக்குன்னு நம்பி உக்காந்திருக்காதீங்க

சாட்டிலைட் டீம்கள்ல அடிக்கடி கேக்குற பேச்சு, "அதான் ரேடார் பார்த்துட்டே இருக்கே". இல்லங்க. ஸ்கிரீன்ல சாட்டிலைட்னோ விண்வெளிக் குப்பைன்னோ நகர்ற அந்தப் புள்ளி வெறும் கணிப்பு, கடைசியா ஏதோ ஒரு சென்சார் (ரேடாரோ டெலஸ்கோப்போ) சில நிமிஷம் பார்த்ததை வச்சு இப்ப இங்க இருக்கும்னு கணக்கு போட்டது, அடுத்து பார்க்குற வரைக்கும் அதுல பிழை வளர்ந்துட்டே போகும், அதுவும் பெரும்பாலும் பொருள் போற திசையிலயே.

2009 பிப்ரவரி 10ல இரிடியம் 33 சாட்டிலைட், செயலிழந்த ரஷ்ய சாட்டிலைட் காஸ்மோஸ் 2251 ரெண்டும் சைபீரியாவுக்கு மேல சுமார் 790 கி.மீ. உயரத்துல மோதுச்சே, ரெண்டுமே கண்காணிக்குற பொருட்களோட பட்டியல்ல (கேட்டலாக்) இருந்ததுதான்! பொதுவுல கிடைச்ச பாதைத் தகவலை வச்சுப் போட்ட கணக்கு, அரை கிலோமீட்டருக்கு மேல விலகிப் போயிடும்னுதான் சொல்லிச்சு.

அதனால இந்த சென்சார்களோட நெட்வொர்க்கை டிசைன் பண்றப்ப எவ்வளவு சின்ன பொருள் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க. மறுபடி எப்ப பார்ப்போம், எங்கேர்ந்து பார்ப்போம்னு கேளுங்க. நிலநடுக்கோட்டை ஒட்டித் தாழ்வா சுத்துறது வடக்க தள்ளி இருக்குற ரேடாருக்கு தொடுவானத்துக்கு மேலயே வராது. அமெரிக்காவோட ஸ்பேஸ் ஃபென்ஸ் ரேடார் பசிபிக் கடல்ல இருக்குற குவாஜலின் தீவுல, சுமார் 9 டிகிரி வடக்குல இருக்குறதால சாய்வு குறைஞ்ச, அதாவது நிலநடுக்கோட்டை ஒட்டிப் போற பாதையெல்லாம் கூட சிக்குது. துருவப் பாதைக்கு நேர் எதிர், துருவத்துகிட்ட இருக்குற ஸ்டேஷன்தான் கிட்டத்தட்ட ஒவ்வொரு சுத்துலயும் பார்க்கும்.

ரேடாருக்கு தூரம் ரெண்டு மடங்கானா திரும்பி வர்ற சிக்னல் 16ல ஒரு பங்கு ஆயிடும், அதான் 35,786 கி.மீ. உயரத்துல இருக்குற புவிநிலைப் பாதைக்கு (பூமியிலேர்ந்து பார்த்தா சாட்டிலைட் ஒரே இடத்துல நிக்குற மாதிரி தெரியுற பாதை) பெரும்பாலும் டெலஸ்கோப். அது கோணத்தை அருமையா சொல்லும், தூரத்தை நேரடியா சொல்லாது, மேகம் வந்தா அவ்ளோதான். ஒரே மாதிரி வானிலை இருக்குற இடத்துல ரெண்டு டெலஸ்கோப் வைக்குறது என்னைப் பொறுத்தவரை காசை வீணாக்குறதுதான்.

கடிகாரத்தையும் யாரும் பெருசா எடுத்துக்குறதில்ல. தாழ்பாதைல நொடிக்கு 7.5 கி.மீ. வேகம்னா நேரத்துல 1 மில்லிசெகண்ட் தப்பினா 7.5 மீட்டர் தப்பு. லேஜியாஸ் மாதிரி லேசர் பிரதிபலிப்பான் இருக்குற சாட்டிலைட்டோட பாதை சென்டிமீட்டர் கணக்குல தெரியும், அதை வச்சு சென்சாரை விடாம சரிபாருங்க.

2024 மே மாசம் வந்த மாதிரி சூரியப் புயல் அடிச்சா மேல் வளிமண்டலம் உப்பி இழுவை கூடிடும், நேத்து போட்ட கணிப்பு இன்னைக்கு உதவாது, அன்னைக்குப் பார்த்து எல்லாத்தையும் மறுபடி பார்க்கணும்னா சென்சார் நேரம் பத்தாது. அந்த நாளுக்கும் சேர்த்து கொஞ்சம் இடம் விட்டு டிசைன் பண்ணுங்க.

சாட்டிலைட் ஓட்டுறவங்களுக்கும் ஒண்ணு, பாதை மாத்துறதுக்கு முன்னாடியே திட்டத்தையும் உங்க ஜிபிஎஸ் பாதைத் தகவலையும் பகிருங்க. சொல்லாம நகர்ந்தா கண்காணிக்குற நாங்க தேடுற இடத்துல நீங்க இருக்க மாட்டீங்க, வேற எங்கயோ அடையாளம் தெரியாத பொருளா பதிவாவீங்க, திரும்ப உங்க பேரோட சேர்க்குற வரைக்கும் உங்களுக்கு வர்ற மோதல் எச்சரிக்கை எல்லாம் பழைய பாதைக்குத்தான்.