லடைட் என்றால் எந்திரத்தை வெறுப்பவரா?

அலுவலகங்களுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்ததும், கூடவே தமிழில் பயிற்சிக் கையேடுகளும் வருகின்றன. அவற்றில் 'லடைட்' என்ற சொல்லை 'தொழில்நுட்ப வெறுப்பாளர்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். போன வாரம் படித்த ஒன்றில், 'குழுவில் உள்ள தொழில்நுட்ப வெறுப்பாளர்களைக் கண்டறியுங்கள், அவர்களால் வேலைத்திறன் குறையும்' என்றே இருந்தது. இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் காலுறை பின்னும் தொழிலாளர்கள் இரவில் புகுந்து எந்திரங்களை உடைத்தார்கள். தங்கள் தலைவன் நெட் லட் என்றார்கள். அப்படி ஒருவர் இருந்ததாகச் சான்று இல்லை, ஆனால் அந்தப் பெயரால் அவர்கள் லடைட் ஆனார்கள். புதுமையை எதிர்க்கும் எவரையும் இப்படி அழைப்பது 20ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம்.

சரி, அவர்கள் எந்திரத்தை வெறுத்தார்களா? அந்தப் பின்னல் எந்திரத்தை வில்லியம் லீ உருவாக்கியது 1589இல். இருநூறு ஆண்டு கடந்த பழைய கருவி அது, அவர்கள் சோறு தின்றதே அதில்தான். கூலியைக் குறைத்த முதலாளி, தொழில் பழகாதவர்களை உட்காரவைத்த முதலாளி, அகலத் துணியாகப் பின்னி வெட்டித் தைத்த மட்டமான காலுறையை விற்ற முதலாளி, இவர்களின் எந்திரங்களைத்தான் தேடி உடைத்தார்கள். ஒழுங்காகக் கூலி கொடுத்தவரின் எந்திரத்தை விட்டுவைத்தார்கள். வெறுப்பு இப்படிப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குமா? யார்க்‌ஷயரில் கம்பளித் துணியின் மயிர் கத்தரித்தவர்கள் கதை வேறு. அவர்கள் உடைத்தது அவர்களின் வேலையையே பறித்த எந்திரம். அங்கும் கோபம் பிழைப்பு போனதற்குத்தான். 1812இல் எந்திரம் உடைப்பதற்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தபோது, பிரபுக்கள் அவையில் கவிஞர் பைரன் இந்த வறுமையைச் சொல்லித்தான் எதிர்த்துப் பேசினார்.

நாட்டிங்காம்ஷயர்க்காரர்களைத் 'தறி உடைப்போர்' என்று எழுதுபவர்களும் உண்டு. தறியில் நெய்வார்கள், காலுறையைப் பின்னுவார்கள். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் இந்த வேறுபாட்டைச் சொல்வார்கள்.

வரலாற்றைச் சொல்லும்போது லடைட் என்றே இருக்கட்டும், அது பெயர். இன்றைய பொருளுக்கு 'எந்திர மறுப்பாளர்' போதும். 'பொறி மறுப்பாளர்' என்பார்கள் தனித்தமிழ் நண்பர்கள். பொறி நல்ல சொல்தான், ஆனால் தனியாக நின்றால் எலிப்பொறிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எனக்குத் தெளிவு முக்கியம். அதைவிட முக்கியம் மறுப்பு என்ற சொல். ஒருவர் மறுத்தால் ஏன் என்று கேட்கத் தோன்றும். வெறுக்கிறார் என்றால் அது அவருடைய குணக்கேடு, கேட்க ஒன்றுமில்லை.

ஆய்வும் இந்தப் பக்கமே நிற்கிறது. கணினிக் கருவிகளை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கணினிக் கருவி கையாள எளிதா என்பதைவிட, தன் வேலைக்கு உதவுமா என்ற எண்ணமே அதன் பயன்பாட்டோடு வலுவாகப் பொருந்தி வந்தது. பெயரின் தலைப்பெழுத்தை மென்பொருள் தவறாகப் படிக்கிறது என்று ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மறுபடி சரிபார்க்கும் எழுத்தரை நினைத்துப் பாருங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும். அந்தக் கையேட்டின்படி அவர் பெயர் வெறுப்பாளர்.