கசப்பை அடக்கும் உப்பு, மணத்தால் ஏறும் இனிப்பு: விநோதச் சுவைச் சேர்க்கைகளின் அறிவியல்

காபியில் உப்பு என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். கசப்பு தூக்கலாக இருக்கும் கறுப்புக் காபி ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் ஒட்டும் அளவு உப்பைப் போட்டு நன்றாகக் கலக்கிக் குடித்துப் பாருங்கள். அந்த அளவில் காபி கரிக்காது. கசப்பு மட்டும் ஒரு படி இறங்கியிருக்கும். அதுவரை கசப்புக்கு அடியில் கிடந்த மெல்லிய இனிப்பும் வறுத்த கொட்டையின் மணமும் மேலே வரும்.

இப்படி நடப்பதற்கான காரணத்தை மிக எளிமையான ஒரு சோதனை காட்டியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் வேதிப்புலன் ஆய்வு மையத்தின் பால் பிரெஸ்லினும் கேரி போஷாம்பும் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார்கள். கசப்புக்கு யூரியா, இனிப்புக்குச் சர்க்கரை, உப்புக்குச் சோடியம் அசிட்டேட் ஆகிய மூன்றை மட்டுமே அவர்கள் பயன்படுத்தினார்கள். சோடியம் அசிட்டேட் நாக்குக்கு அதிகம் கரிக்காது. ஆனால் அதில் சோடியம் இருக்கிறது. சர்க்கரையும் யூரியாவும் கலந்த நீரில் அதைச் சேர்த்தபோது, சுவைத்தவர்கள் கசப்பு குறைந்ததாகவும் இனிப்பு கூடியதாகவும் சொன்னார்கள். சர்க்கரையின் அளவில் மாற்றமே இல்லை. அதை அமுக்கி வைத்திருந்த கசப்பைச் சோடியம் விலக்கியது, அவ்வளவுதான்.

விநோதமான சேர்க்கைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தத்துவத்தில் அடங்கிவிடும் என்பது என் எண்ணம். வாயில் இரண்டு சுவைகள் ஒன்றாகச் சேரும்போது அவை வெறுமனே கூட்டப்படுவதில்லை. ஒன்று மற்றொன்றை அடக்குகிறது, அல்லது அடக்கப்பட்ட மூன்றாவதை விடுவிக்கிறது. இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன. உப்புக்கும் கசப்புக்கும் இடையிலோ உறவு ஒருதலைப்பட்சமானது: உப்பு கசப்பை நன்றாக அடக்கும், கசப்பு உப்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. எல்லாக் கசப்புப் பொருள்களும் சோடியத்துக்கு ஒரே அளவில் பணிவதுமில்லை. ஆகவே ஒரு காபிக்குப் பலித்தது இன்னொரு காபிக்குப் பலிக்காமல் போகலாம்.

கிரேப்ஃப்ரூட் பழத்தை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியில் சர்க்கரையும் மறுபாதியில் சிட்டிகை உப்பும் தூவிச் சாப்பிட்டால் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். சர்க்கரை தூவிய பாதி இனிக்கும், ஆனால் அடியில் கசப்பு தொடர்ந்து வரும். உப்பு தூவியதில் பழத்தின் சொந்த இனிப்பு வெளிப்படும். அந்தக் கசப்புக்கு முக்கியக் காரணம் நாரிஞ்சின் என்ற சேர்மம். ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும்: கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள் சில உட்பட, பல மருந்துகளை உடல் சிதைப்பதை இந்தப் பழம் தடுக்கிறது. தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

அடக்குவதற்கு நேர் எதிரான வேலையும் நாக்கில் நடக்கிறது. இறைச்சிச் சூப்பில் தெரியும் உமாமி என்ற ஐந்தாவது சுவையை ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908-இல் அடையாளம் கண்டார். கொம்பு என்ற கடற்பாசியில் இருந்த குளுட்டமேட்தான் அதன் மூலம். 1957-இல் அகிரா குனினாகா அதற்கு அடுத்த படியைக் கண்டறிந்தார். குளுட்டமேட்டுடன் குவானிலேட் போன்ற நியூக்ளியோடைடு (உயிரணுக்களின் ஆர்.என்.ஏ.வைக் கட்டும் சிறு மூலக்கூறு) ஒன்று சேர்ந்தால், சுவை இரண்டின் கூட்டுத்தொகையாக இருப்பதில்லை. பல மடங்காகப் பெருகுகிறது.

நாக்கில் உமாமியை உணரும் புரதமான ஏற்பியின் வெளிப்பகுதி, சிப்பியின் ஓடுகளைப் போலத் திறந்து மூடும் இரண்டு மடல்களைக் கொண்டது. குளுட்டமேட் மடல்களின் மூட்டருகே வந்து அமரும்போது ஏற்பி மூடிக்கொண்டு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. நியூக்ளியோடைடு மூலக்கூறு அதற்குப் பக்கத்தில், மடல்கள் திறக்கும் விளிம்பை ஒட்டி அமர்கிறது. அது மூடிய நிலையை விடாமல் பிடித்துக்கொள்வதால், அதே குளுட்டமேட் இப்போது வலுவாகவும் நீண்ட நேரமும் உணரப்படுகிறது.

இதை வீட்டில் சோதிக்கத் தக்காளியும் உலர்ந்த ஷிடாகே காளானும் போதும். தக்காளியில் குளுட்டமேட் நிறைய உண்டு. அதுவும் சதையைவிட விதைகளைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியில்தான் அதிகம், எனவே அதை வழித்து எறிய வேண்டாம். காளானைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லச் சூடாக்கும்போது அதன் ஆர்.என்.ஏ. உடைந்து குவானிலேட் உருவாகிறது. தக்காளிச் சாற்றைத் தனியாக ஒரு கரண்டி, காளான் ஊறிய வெந்நீரைத் தனியாக ஒரு கரண்டி, பிறகு இரண்டும் சமமாகக் கலந்தது ஒரு கரண்டி என்று வரிசையாகச் சுவையுங்கள். உப்பே போடாத மூன்றாவது கரண்டியில், நெடுநேரம் கொதித்த சூப்பின் கனம் இருக்கும். கலந்ததால் இரண்டுமே பாதியாக நீர்த்துப்போன பிறகும் சுவை ஏறியிருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற சில செய்திகளை மட்டுமே. ஸ்ட்ராபெரியை ஸ்ட்ராபெரியாகவும் காபியைக் காபியாகவும் உணரச் செய்வது மூக்கு. உணவை மெல்லும்போது ஆவியாகும் மணங்கள் தொண்டையின் பின்வழியாக மூக்குக்குள் ஏறுகின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பழ மிட்டாயைச் சப்பினால் வெறும் இனிப்பும் புளிப்பும்தான் கிடைக்கும். விரல்களை எடுத்த மறுகணம் இன்ன பழம் என்று தெரிந்துவிடும்.

மணம் இனிப்பையே கூட்டவும் வல்லது. 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை சேர்த்து அடித்த கிரீமில் ஸ்ட்ராபெரி மணத்தைச் சேர்த்தபோது, சுவைத்தவர்களுக்கு அது கூடுதலாக இனித்தது. நிலக்கடலை வெண்ணெயின் மணத்துக்கு அந்த விளைவு இல்லை. எந்த மணங்களை இனிப்போடு சேர்த்துப் பழகியிருக்கிறோமோ, அவை மூளையில் இனிப்பாகவே பதிந்துவிடுகின்றன.

மணத்தை வைத்துச் சேர்க்கைகளைக் கணிக்கலாம் என்ற எண்ணம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலமானது. பிரிட்டனின் சமையற்கலைஞர் ஹெஸ்டன் புளூமென்தால் வெள்ளைச் சாக்லேட்டையும் கேவியர் மீன் முட்டையையும் சேர்த்துப் பரிமாறி வியக்க வைத்தார். பொதுவான மணச் சேர்மங்கள் அதிகமுள்ள பொருள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்ற கருத்து அதிலிருந்து பரவியது. 2011-இல் யோங்-யோல் ஆன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 56,498 சமையல் குறிப்புகளைக் கணினியில் அலசினார்கள். வட அமெரிக்க, மேற்கு ஐரோப்பியக் குறிப்புகள் இந்தக் கருத்துக்கு இசைந்தன. கிழக்கு ஆசியக் குறிப்புகளோ பொதுச் சேர்மங்கள் உள்ள பொருள்களை ஒன்றுசேர்க்காமல் தவிர்ப்பதாகத் தெரிந்தது. இதற்குப் பிறகும் அந்தக் கருத்தை விதி என்று சொல்வது சரியில்லை. தேடலைத் தொடங்க ஒரு நல்ல இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படித் தொடங்கினால் ஸ்ட்ராபெரியும் தக்காளியும் முதலில் கண்ணில் படும். பழுத்த ஸ்ட்ராபெரியின் சர்க்கரைப் பாகு போன்ற மணத்துக்குக் காரணமான ஃபியூரனியால் தக்காளியிலும் அன்னாசியிலும் இருக்கிறது. இரண்டையும் நறுக்கிக் கலந்து, சிட்டிகை உப்பும் சில துளி ஆலிவ் எண்ணெயும் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் போதும். தக்காளி பழமாகத் தோன்றும், ஸ்ட்ராபெரிக்கு ஓர் ஆழம் வரும். அதன் மேல் மிளகைப் புதிதாகப் பொடித்துத் தூவலாம். மிளகின் காரம் வெப்பத்தை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. அதன் தனி வாசனைக்கு ரோடண்டோன் என்ற சேர்மம் முக்கியக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். அவர்களது சோதனையில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே எட்டவில்லை. ஒரே கிண்ணத்திலிருந்து சாப்பிட்ட இருவரில் ஒருவர் மயங்கிப்போக, மற்றவர் “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால் இருவர் சொல்வதும் உண்மைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வனிலா ஐஸ்கிரீமும் சோயா சாஸும். நாக்கும் மூக்கும் இதில் ஒருசேர வேலை செய்கின்றன. குளிர்ச்சியில் நாக்கின் இனிப்புணர்வு மந்தமாகிறது. உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதற்கும் அதுவே காரணம். உறைந்த நிலையில் அந்தத் திகட்டல் தெரிவதில்லை, ஆனால் அது பெரும்பாலும் ஒரே தளத்தில் இனிக்கிறது. மேலே அரைத் தேக்கரண்டி சோயா சாஸ் விட்டால் உப்பும் குளுட்டமேட்டும் வருகின்றன. கூடவே, நொதிக்கும்போது ஈஸ்ட்டால் உருவாகும், ஃபியூரனியாலின் நெருங்கிய உறவான ஒரு சேர்மமும் வருகிறது. அதன் மணம் காய்ச்சிய பாகின் மணம். ஆகவே வாயில் சோயா சாஸ் தெரிவதில்லை, உப்பிட்ட கேரமல் தெரிகிறது. இயற்கையாக நொதிக்கவைத்த சாஸாக இருக்க வேண்டும். வேதிமுறையில் விரைவாகத் தயாரித்ததில் இந்த மணம் வராது.

பானங்களில் கடுந்தேநீரையும் கொழுப்பு மிகுந்த பாலாடைக்கட்டியையும் சேர்த்துப் பாருங்கள். தேநீரின் டானின்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து, வாயின் வழுவழுப்பைக் குறைக்கின்றன. துவர்ப்பு என்று நாம் உணர்வது அதைத்தான். கொழுப்பு அதற்கு எதிராக வாயில் படலம் பூசுகிறது. இரண்டும் ஒன்றையொன்று குறைப்பதை 2012-இல் பிரெஸ்லின் குழுவினர் காட்டினார்கள். தேநீரைச் சிறு சிறு மடக்காகக் குடிக்கக் குடிக்கத் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எனவே கோப்பையை முதலில் காலி செய்துவிட்டுக் கட்டியைத் தின்பதில் பயனில்லை. ஒரு கடி, ஒரு மடக்கு என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். தேநீரில் பாலும் கூடாது. பாலின் புரதம் டானினை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுவிடும்.