மருந்துக்கு மசியாத கிருமி

"இந்த மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு, இனி கேட்காது" என்று பலர் சொல்வார்கள். உண்மையில் எதிர்ப்பைப் பெறுவது உடம்பு அல்ல, உள்ளே இருக்கும் பாக்டீரியா. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஒன்றிரண்டுக்கு மரபணுவில் ஏற்கெனவே சின்ன மாறுதல் இருக்கும். ஆன்டிபயாடிக் மற்றவற்றைக் கொன்றதும் காலியான இடமெல்லாம் அவற்றுக்குத்தான். குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியா, சூழல் அமைந்தால் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். ஒரு ராத்திரி போதும்.

தப்பிக்கும் வித்தையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பென்சிலின் மூலக்கூறின் நடுவில் நான்கு அணுக்களாலான ஒரு வளையம் உண்டு. பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியை அது இறுகப் பிடித்துக்கொள்ளும். கட்டுமானம் நின்று, கிருமி வெடித்துச் சாகும். சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியோ அந்த வளையத்தையே உடைத்துவிடுகிறது. பென்சிலின் பரவலான பயன்பாட்டுக்கு வருமுன்பே, 1940-இல், ஆபிரகாம், செயின் என்ற விஞ்ஞானிகள் இப்படியொரு நொதியைக் கண்டு எழுதிவிட்டார்கள். அதற்கு அகப்படாத மெத்திசிலின் 1959-இல் வந்தது. 1961-இல் அதற்கும் மசியாத ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பதிவானது. எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். அது மருந்தை உடைப்பதில்லை. மருந்தின் பிடியில் எளிதில் சிக்காத வேறொரு நொதியை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது.

என்னை அதிகம் கலங்க வைப்பது பிளாஸ்மிட். இது பாக்டீரியாவுக்குள் இருக்கும், பெரும்பாலும் வட்டமான, ஒரு தனி டி.என்.ஏ. துண்டு. பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிடில் இருக்கக்கூடும். ஒரு பாக்டீரியா பக்கத்திலிருப்பதோடு ஒட்டிக்கொண்டு பிளாஸ்மிடின் நகலைக் கொடுத்துவிடும், அது வேறு இனமாக இருந்தாலும். எதிர்ப்பைப் பெறப் பரம்பரையே தேவையில்லை என்றாகிறது.

சரி, மருத்துவமனையில் ஏன் இவ்வளவு மசியாத கிருமிகள்? ஐ.சி.யூ. நோயாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். சிறுநீருக்கு ஒரு குழாய், மூச்சுக்கு ஒரு குழாய், ரத்தநாளத்தில் இன்னொன்று. குழாயின் உட்புறத்தில் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலம் கட்டிக் குடியிருக்கும். அதற்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. வலுவான ஆன்டிபயாடிக்குகள் தொடர்ந்து ஏறுவதால், எளிதில் சாகும் கிருமிகள் போய், சாகாதவை தங்கும். அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் காய்ந்த கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். அப்புறம், அடுத்த படுக்கைக்குப் போக அவற்றுக்கு ஒரு கை போதும்.

நோயாளி குணமாகி வீடு திரும்பிய பிறகும் எம்.ஆர்.எஸ்.ஏ. அவர் மூக்கின் உள்ளே மாதக்கணக்கில் தங்கலாம். காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. அதனால்தான் பல மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கு முன், நன்றாக இருப்பவரிடமும் மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.