கம்ப்ரசருக்கு மும்முனை மின்சாரம்: சட்டமும் விதிகளும் கேட்பவை

லேத் பட்டறையிலோ டயர் கடையிலோ காற்றை அழுத்தித் தரும் 10 எச்.பி. கம்ப்ரசர் ஒன்று வந்து இறங்கியதும், ஏற்கெனவே உள்ள மின்பலகையிலிருந்து ஒரு கேபிளை இழுத்து ஓட்டிப் பார்த்துவிடுவது பலரின் வழக்கம். மின்சாரச் சட்டம் 2003-உம், மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வகுத்து 2023-இல் புதுப்பித்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதற்கு முன்பே செய்ய வேண்டியவை எனச் சிலவற்றைக் கூறுகின்றன.

முதலாவது மின்பளு. 10 எச்.பி. என்பது ஏறத்தாழ 7.5 கிலோவாட், அனுமதிக்கப்பட்ட மின்பளு அதைத் தாங்காதெனில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்த பின்னரே இயந்திரத்தை இணைக்க வேண்டும். அனுமதித்த அளவைக் கடந்து மின்சாரம் எடுப்பதும் சட்டத்தின் 126-ஆம் பிரிவு கூறும் அங்கீகாரமற்ற பயன்பாடே என்று ஒடிசா அரிசி ஆலை ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. வீட்டு இணைப்பில் தொழில் இயந்திரத்தை ஓட்டுவதும் அதே பிரிவில் அடங்கும். இதற்காக மதிப்பிட்டு வசூலிக்கப்படும் தொகை உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு. எவ்வளவு காலம் நடந்தது என்று கண்டறிய முடியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடப்படும். தற்காலிக மதிப்பீட்டை எதிர்த்து ஆட்சேபம் தெரிவிக்கலாம். இறுதி ஆணை வந்தபின் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய, மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும்.

வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும். விளக்கு, ஃபியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. புதிய மோட்டாருக்கு இல்லை.

250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியான இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும். கம்ப்ரசர் ஓடும் நேரமெல்லாம் அதிர்ந்துகொண்டே இருப்பதால் நட்டுகள் தளரும். ஒரு கம்பி விட்டாலும் மற்றொன்று காக்கும் என்பதே இதன் பயன். இரண்டு கம்பிகளையும் ஒரே போல்ட்டில் முடுக்குவதும், நியூட்ரலையோ காற்றுக் குழாயையோ எர்த்தாகக் கொள்வதும் விதியை ஏமாற்றும் வேலை.

மோட்டாருக்கு அருகிலேயே, எளிதில் கை எட்டும்படி, எல்லா முனைகளையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்சோ பிரேக்கரோ இருக்க வேண்டும் என்ற விதியை, என் கருத்தில், கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் மற்ற எவரையும்விடக் கவனமாகப் படிக்க வேண்டும். இது தானே நின்று, டாங்கியில் அழுத்தம் குறைந்ததும் தானே கிளம்பும் இயந்திரம். பெல்ட்டை மாற்றக் கைவைத்தவரை அமைதியாக இருக்கும் மோட்டார் ஏமாற்றிவிடும். டாங்கியின் அழுத்தத்துக்கேற்ப மோட்டாரை நிறுத்தி இயக்கும் பிரஷர் சுவிட்ச் அணைந்திருப்பதை மின்சாரம் துண்டிக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது; அருகிலுள்ள பிரதான சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஸ்டார்ட்டரில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 415 வோல்ட்டில் 10 எச்.பி. மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 14.5 ஆம்பியர் எனினும், முதலில் குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டாரைக் கிளப்பிப் பின் முழு அழுத்தத்துக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், மின்னோட்டம் அளவை மீறினால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே, பிரதான வழியில் இல்லாமல் மோட்டார் சுருளின் வழியில் இருக்குமானால், அந்த ரிலேயை முழுச்சுமை மின்னோட்டத்தில் 58 விழுக்காடான சுமார் 8.4 ஆம்பியரில் வைக்க வேண்டும், 14.5-இல் வைத்தால் ஒரு முனை அறுந்தபோதுகூட ரிலே துண்டிக்காமல் மோட்டார் கருகிவிடலாம்.

இணைப்புக் கொடுக்குமுன் மின்காப்பைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கர் கொண்டு ஒரு நிமிடம் சோதிக்கையில் மின்காப்புத் தடை 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் உள்ள இயந்திரமாயின், மெக்கர் வைக்குமுன் டிரைவைக் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் சோதனையே அதைக் கெடுத்துவிடும்.