எந்த ஏரியா, எந்த கிராஸ்? ப்ராக்ஸி சர்வருக்குப் பெயர் எதற்கு

பெங்களூரில் ஆட்டோவில் ஏறி "4வது கிராஸ் போங்க" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து "எந்த ஏரியா?" என்பார். ஜெயநகரிலும் 4வது கிராஸ் உண்டு, மல்லேஸ்வரத்திலும் உண்டு. ஏரியா பெயர் சேராத கிராஸ் எண்ணை வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர முடியாது.

கணினிப் பெயர்களும் அப்படித்தான். வெறும் "சர்வர்" என்பது 4வது கிராஸ். அதன் பின்னால் புள்ளி வைத்து நிறுவனத்தின் டொமைன் பெயரும் சேர்ந்தால்தான் முழு முகவரி. இதை நான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோட்டை விட்டேன்.

அல்சூரில் தெரிந்த அண்ணன் ஒருவர் டியூஷன் சென்டர் நடத்துகிறார். கீழ்த்தளத்தில் ஒரு பழைய கணினி ப்ராக்ஸியாக ஓடுகிறது. அதாவது, பிள்ளைகளின் கணினிகள் நேரே இணையத்துக்குப் போகாமல் இதனிடம் கேட்கும். இது போய் வாங்கிவந்து கொடுக்கும், வேண்டாத தளங்களைத் தடுக்கும். மாடி லேபுக்கு இன்னொரு ப்ராக்ஸி. அது தனக்கு வரும் கேள்விகளைக் கீழே இருப்பதிடம் தள்ளிவிடும். இரண்டிலும் ஸ்க்விட். 1996இல் முதல் பதிப்பு வந்த இலவச மென்பொருள், இன்றும் வழக்கமாக 3128 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் அந்த எண்ணுள்ள வாசலில், உட்கார்ந்திருக்கும்.

மாடி ப்ராக்ஸியின் டிஸ்க் போய்விட்டது. கீழே இருந்த டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து, அதாவது அச்சு அசலாக நகலெடுத்து, மாட்டினேன். ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் கணினிக்குள்ள எண் முகவரி) மாற்றினேன், கீழே இருப்பதைக் கேள் என்ற வரியைச் சேர்த்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஃபோன்.

"தம்பி, மாடியில எதைத் திறந்தாலும் அக்சஸ் டினைடுன்னு வருது. கீழ எல்லாம் நல்லா ஓடுது. பசங்க சும்மா உட்கார்ந்திருக்காங்க."

அனுமதி மறுப்பு என்றால் யாருக்கும் முதலில் அனுமதி விதிகள் மேல்தான் சந்தேகம் வரும். திரும்பிப் போய், எந்த ஐபிக்கு அனுமதி, எதற்குத் தடை என்று மாடி ஸ்க்விட்டின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை வரிவரியாகப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் மறையாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி பக்கம் ஒன்றைத் திறந்தேன். மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் தளங்களில் ப்ராக்ஸியின் பிழைப் பக்கத்தை பிரவுசர் காட்டாது, தன் செய்தியைத்தான் காட்டும். இதில் முழுப் பக்கமும் வந்தது. ஸ்க்விட்டின் பிழைப் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இந்தப் பக்கத்தைத் தயாரித்த கணினியின் பெயர். அதில் இருந்தது கீழ்த்தளக் கணினியின் பெயர். ஆனால் குளோன் செய்ததால் மாடிக் கணினிக்கும் அதே பெயர்! மறுத்தது யார் என்றே தெரியவில்லை.

ஸ்க்விட் நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் லாக் கோப்பு சொன்னது. மாடி ப்ராக்ஸியே மறுத்திருந்தால் அதன் லாகில் "டிசிபி டினைட் 403" என்று விழ வேண்டும் (403 என்பது அனுமதி மறுப்பின் எண்). விழுந்திருந்தது "டிசிபி மிஸ் 403". மிஸ் என்றால் தன்னிடம் இல்லாமல் வெளியே கேட்டிருக்கிறது. மறுப்பு அங்கிருந்து வந்திருக்கிறது. கீழே இறங்கிப் போய் அந்தக் கணினியின் கேஷ் லாகை, அதாவது எச்சரிக்கைகள் விழும் கோப்பை, திறந்தால் வரிக்கு வரி ஒரே புலம்பல்: "ஃபார்வர்டிங் லூப் டிடெக்டட்", கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது என்று.

இங்கேதான் பெயரின் வேலை தெரிகிறது. ப்ராக்ஸி ஒவ்வொன்றும் கேள்வியை அடுத்தவரிடம் தரும்போது "வையா" என்ற தலைப்பு வரியில் தன் பெயரை எழுதி அனுப்புகிறது. இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்குவதற்கென 1997இல் வந்த எச்டிடிபி 1.1 விதிகளிலேயே இது உண்டு. வந்த கேள்வியில் தன் பெயர் ஏற்கனவே இருந்தால், தான் அனுப்பியதே சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். அதை மறுபடி அனுப்பினால் செக்குமாடு போல முடிவில்லாமல் சுற்றும். அதனால் மறுத்துவிடும். மாடி ப்ராக்ஸி எழுதி அனுப்பிய பெயரைத் தன் பெயர் என்று கீழே இருந்தது நம்பிவிட்டது. கீழ்த்தளப் பிள்ளைகளின் கேள்விகளில் அந்த வரியே இல்லாததால் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

ஸ்க்விட் தன் பெயரைத் தானே கண்டுபிடிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் இன்றைய பதிப்புகள் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு "லோக்கல்ஹோஸ்ட்" என்ற பெயரில் ஓடும். பழையவை கிளம்பவே மறுத்தன. எனக்கென்னவோ பழையதே மேல் என்று தோன்றுகிறது. லோக்கல்ஹோஸ்ட் என்பது "நான்" என்று சொல்வது மாதிரி, எல்லாருக்கும் பொருந்தும். இரண்டு ப்ராக்ஸியும் "நான்" என்று கையெழுத்துப் போட்டால் இதே கூத்துதான்.

இன்னொன்று பலரையும் ஏமாற்றும். லேப் கணினியிலிருந்து பிங் (ஒரு கணினியை எட்ட முடிகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறது, ப்ராக்ஸி வழியே மட்டும் தளம் திறக்கவில்லை என்பார்கள். ப்ராக்ஸி வைத்தபின் தளத்தின் பெயரை ஐபியாக மாற்றுவது உங்கள் கணினி அல்ல, ப்ராக்ஸி. அங்கே உட்கார்ந்து சோதிக்க வேண்டும். அங்கும் பிங் போய், ஸ்க்விட் மட்டும் முழிக்கலாம். உள்ளே இருக்கும் ஒரு சர்வரை "மார்க்ஸ்" என்று ஒற்றைச் சொல்லாகப் பெயர் கொடுத்துத் தேடினால், பிங் அதன் பின்னால் டொமைன் பெயரைச் சேர்த்துத் தேடும். ஸ்க்விட் வழக்கமாகச் சேர்க்காது. வரிசையாக ப்ராக்ஸிகள் இருக்கும்போது ஆளுக்கொரு ஏரியாவைச் சேர்த்துக்கொண்டால் கேள்வி எங்கெங்கோ போய்விடும் என்பதால்தான்.

ப்ராக்ஸியையே எட்ட முடியவில்லை என்றால் அது வேறு கதை. உடனே "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று வந்தால், பெரும்பாலும் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை: ஸ்க்விட் ஓடவில்லை, அல்லது 127.0.0.1 முகவரியில், அதாவது தன் கணினிக்குள்ளிருந்து வருவதை, மட்டும் கேட்கிறது. வெகுநேரம் சுற்றிவிட்டு "டைம் அவுட்" என்றால் முதலில் நெட்வொர்க்கில் வருவதை வடிகட்டும் ஃபயர்வாலைப் பாருங்கள்.

மாடிக் கணினிக்குப் புதுப் பெயர் வைத்தேன். அடிக்கோடு போட்டு "ப்ராக்ஸி_மாடி" என்று எழுதப்போய், ஹோஸ்ட்நேமில் (கணினிப் பெயரில்) அடிக்கோடு கூடாது என்பது நினைவுக்கு வந்து "ப்ராக்ஸி-மாடி" ஆக்கினேன். பெயருக்கு எந்த ஐபி என்று எழுதியிருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் பழைய பெயரை மாற்றி, ஸ்க்விட்டை மறுபடி கிளப்பினேன்.

"வயர் லூஸா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணா, ரெண்டுக்கும் ஒரே பேரு."

"நம்ம கிளாஸ்லயும்தான் ரெண்டு கார்த்திக் இருக்கான். இனிஷியல் போட்டிருக்கலாமே தம்பி."