மடிக்கணினிக்குள் கொதிக்கும் நீர்

மகளைக் கட்டடக்கலைப் படிப்பில் சேர்த்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இரண்டு மடிக்கணினிகள் பார்த்து வைத்திருக்கிறோம். பிராசசரும் ரேமும் ஒன்றே. ஒன்று 1.2 கிலோ, மற்றது 1.6 கிலோ. மகளுக்கு எடை குறைந்ததுதான் பிடித்திருக்கிறது. வேகத்தில் இரண்டும் ஒன்றுதானே?"

முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுதான். பிறகு எப்படி என்பது வெப்பத்தின் கையில் இருக்கிறது.

பிராசசர் வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. மெல்லிய கணினிகளில் இது பெரும்பாலும் 15 வாட் அளவில் இருக்கும். நகத்தளவு சிப்பில் அந்த வெப்பம் தேங்கினால் 100 டிகிரி செல்சியஸை நெருங்கிவிடும். உடனே பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வெப்பத்தை வெளியே கொண்டுபோவது தட்டையான ஒரு செம்புக் குழாய். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில துளி நீரை மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைந்தால் நீர் சீக்கிரம் கொதிக்கும் அல்லவா? வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் நான்கு பங்கு இருந்தால் 30 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதையே ஆவியாக்க 2,200 ஜூலுக்கு மேல் வேண்டும். எனவே நொடிக்கு ஏழு மில்லிகிராம் நீர் ஆவியானாலே 15 வாட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடும். மறுமுனையில் மெல்லிய தகடுகளுக்கு இடையே மின்விசிறி காற்றை ஊதுகிறது. அங்கே ஆவி குளிர்ந்து நீராகி, சுமந்து வந்த வெப்பத்தை முழுவதும் இறக்கி வைக்கிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் படும் ஆவி அப்படிச் சுடுவதும், ஆவியாகும்போது நீர் வாங்கி வைத்துக்கொள்ளும் இதே உள்ளுறை வெப்பத்தால்தான்.

குளிர்ந்த நீர் திரும்பி வர வேண்டுமே? பம்பு கிடையாது. குழாயின் உட்சுவரில் செம்புத் தூளைச் சூடாக்கி ஒட்டவைத்த நுண்துளைப் படலம் இருக்கிறது. அகல்விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நீர் அதன் வழியே சிப்பை நோக்கி ஊர்ந்து வருகிறது. மீண்டும் கொதிக்கிறது, மீண்டும் ஓடுகிறது. குழாய்க்குள் தேய்ந்துபோக ஒரு பாகம்கூட இல்லை!

1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டியது விண்கலங்களுக்கான மின்னாக்க ஆய்வின் பகுதியாக. அன்று மடிக்கணினி என்ற பொருளே இல்லை. "உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு ஆய்வு நிதியை வெட்டுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

எடையைக் குறைப்பவர்கள் பல நேரங்களில் கைவைப்பது இந்தக் குழாயிலும் தகடுகளிலும் மின்விசிறியிலும்தான். 2020இல் ஆப்பிள் ஒரே எம்1 சிப்பை இரண்டு கணினிகளில் வைத்தது. 1.29 கிலோ மேக்புக் ஏரில் மின்விசிறி இல்லை; 1.4 கிலோ மேக்புக் புரோவில் உண்டு. சிறு வேலைகளில் இரண்டும் சமம். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டால் ஏர் பின்தங்கியது. கட்டுரை எழுதுபவருக்கு ஏரே போதும், சத்தமும் இருக்காது.

கதிர்வீச்சை உறிஞ்சி கணினியைக் குளிர்விக்கும் என்று விற்கப்படும் ஸ்டிக்கர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். வெப்பம் போக வழி வேண்டும். ஸ்டிக்கர் வழி ஆகாது.

கட்டடக்கலை மாணவி முப்பரிமாணப் படங்களை உருவாக்க அரை மணி நேரம் கணினியை முழு வேகத்தில் ஓடவிடுவார், அதுவும் 35 டிகிரி விடுதி அறையில். இரண்டு மாடல்களுக்கும் அரை மணி நேரச் சோதனை முடிவுகளைத் தேடிப் பாருங்கள். 1.6 கிலோ மாடல் அதில் வேகம் குறையாமல் நின்றால் அதையே வாங்குங்கள்.